கண்ணை மூடினாலும் கால் அறியும்

(தோட்டத்துத் தாய்மார் கூட்டத்தில் எமது சுகாதாரக் குழுவினர் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



காலையில பிரட்டுக்குப் போய், மலை ஏறி, கொழுந்து நிறுத்து, பீலியில கை கால் கழுவிட்டு அப்படியே இங்க வந்து உட்கார்ந்திருக்கீங்க. உங்கள் களைப்பு எங்களுக்குத் தெரியும். ஆகவே அதிக நேரம் எடுக்க மாட்டோம். முதலில் ஒரு சின்ன விளையாட்டு.

எல்லோரும் கண்ணை மூடுங்க. வலது கையை நல்லா மேல தூக்குங்க. இப்ப கண்ணைத் திறக்காம, ஆட்காட்டி விரலால உங்க மூக்கு நுனியைத் தொடுங்க. தொட்டாச்சா? சரி, கண்ணைத் திறக்கலாம்.

சிரிக்கிறீங்க. "இது என்ன பெரிய வித்தை?" என்று நினைக்கிறீங்க. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கண் மூடியிருந்தது. கை எங்கே இருக்கிறது, மூக்கு எங்கே இருக்கிறது என்று யார் சொன்னது? காது சொல்லவில்லை. மூக்கும் சொல்லவில்லை. தோலும் சொல்லவில்லை, ஏனென்றால் விரல் அந்தரத்தில் இருந்தபோது அது எதையும் தொடவில்லையே. அப்படியானால் மெய், வாய், கண், மூக்கு, செவி என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்த ஐம்புலனுக்கும் அப்பால் இன்னொரு உணர்வு நமக்குள்ளே இருக்கிறது. நம் உடம்பு எப்படி இருக்கிறது, எந்தப் பக்கம் அசைகிறது என்பதை நமக்கே அறிவிக்கின்ற உணர்வு அது. இதனைத் "தன்னிலை உணர்வு" என்று சொல்லலாம். இன்றைக்கு நாங்கள் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

மலையில் நடக்கும் வித்தை

இந்த உணர்வைப் பற்றி உங்களுக்குச் சொல்லித் தருகிறோம் என்று வந்திருக்கிறோமே தவிர, உண்மையில் இதில் கைதேர்ந்தவர்கள் நீங்கள்தான்.

ஒரு கொழுந்து எடுக்கிற அக்காவைப் பாருங்க. கண் ரெண்டும் தேயிலை வாதின் மேல இருக்கு. இரண்டு இலையும் மொட்டும் எங்கே என்று கண் தேடுது. கை கிள்ளுது. பிடி நிறைந்ததும் அந்தக் கை தோளுக்குப் பின்னால் போய், முதுகிலே தொங்கும் கூடைக்குள் கொழுந்தைப் போடுது. அவர் திரும்பிப் பார்க்கிறாரா? இல்லை. ஒரு நாளில் எத்தனை நூறு முறை போட்டாலும் கொழுந்து கூடைக்குள்ளதான் விழுது. கூடையின் வாய் எங்கே, தன் கை எங்கே என்று அவருடைய உடம்புக்குத் தெரியும்.

அதே நேரம் கால் என்ன செய்யுது? சரிவிலே, ஈர மண்ணிலே, கல்லுக்கும் கானுக்கும் இடையிலே தானாக இடம் தேடி வைக்குது. பக்கத்து நிரையில இருக்கிறவங்களோட வாய் கதை பேசுது. கவ்வாத்து வெட்டுகிற ஐயாவும் அப்படித்தான். வீசுகிற கத்தி தேயிலையை வெட்ட வேண்டும், தன் முழங்காலை வெட்டக்கூடாது. கத்தியின் நுனி வரைக்கும் அவருடைய உடம்பு நீண்டிருப்பது போல அவர் உணர்கிறார்.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மாசிமகத் திருவிழாவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஐந்து தேர்களும் வீதி வலம் வருகிறதை எத்தனையோ தடவை கும்பிட்டிருப்பீர்கள். திருவிழாக்களிலே தலையில் கரகத்தை வைத்து ஆடுகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? கரகத்தைக் கையால் பிடிப்பதில்லை, கண்ணாலும் பார்ப்பதில்லை. கரகம் ஒரு நூல் அளவு சாய்ந்தால் கழுத்து அதை அறிந்து, அடுத்த கணமே சரி செய்கிறது. நம் உடம்பில் இந்த உணர்வுக்கான கருவிகள் மிகவும் நெருக்கமாக அமைந்திருக்கும் இடங்களில் ஒன்று கழுத்தின் சின்னத் தசைகள். இன்னொன்று கையின் சின்னத் தசைகள். கரகக்காரருக்குக் கழுத்து, கொழுந்துக்காரருக்குக் கை!

உள்ளே இருக்கும் தந்திக்காரன்

இந்த உணர்வு எங்கே இருக்கிறது?

நம் தசைகளுக்குள்ளே சில மில்லிமீற்றர் நீளமுள்ள, நூற்கதிர் போன்ற நுண்ணிய கருவிகள் உள்ளன. தசை நீண்டால் அவையும் நீளும், உடனே செய்தி அனுப்பும். தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் நாண்களில் வேறு கருவிகள் உள்ளன. எவ்வளவு பாரம் இழுக்கிறது என்பதை அவை அறிவிக்கும். மூட்டுகளிலும் தோலிலும் இன்னும் சில உண்டு. இந்தச் செய்திகள் தடித்த நரம்புகளின் வழியே செக்கனுக்கு ஏறக்குறைய 80 முதல் 120 மீற்றர் வரையான வேகத்தில் ஓடி, முள்ளந்தண்டின் பின்பக்க வழியாக மூளைக்கும், பிடரிப் பக்கம் இருக்கின்ற சிறுமூளைக்கும் போய்ச் சேர்கின்றன. கால் வழுக்கியதும் நாம் நினைப்பதற்கு முன்பே உடம்பு சுதாரித்துக் கொள்கிறதே, அது இந்த வேகத்தால்தான்.

இந்த உணர்வுக்கு விஞ்ஞானப் பெயர் வைத்தவர் சார்ள்ஸ் ஷெரிங்டன் என்ற ஆங்கிலேய அறிஞர். ஆண்டு 1906. நரம்புகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1932இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனாலும் தசை இழுபடுவதை நரம்பு எப்படி உணர்கிறது என்பது நெடுங்காலம் விளங்காமலே இருந்தது. லெபனானில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஆர்டம் பட்டப்பூட்டியன் என்ற விஞ்ஞானியும் அவரது குழுவினரும் நரம்பு நுனியிலே ஒரு கதவு போன்ற புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பீசோ-2 என்று பெயர். இழுத்தால், அழுத்தினால் அந்தக் கதவு திறக்கும். திறந்ததும் செய்தி கிளம்பும். 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை டேவிட் ஜூலியஸ் என்பவரோடு அவர் பகிர்ந்துகொண்டார்.

அடுப்பின் மூன்று கல்

நாம் விழாமல் நிற்பதற்கு இந்த உணர்வு மட்டும் போதாது. அடுப்புக்கு மூன்று கல் வைக்கிறோம்தானே? அதே மாதிரி, நிமிர்ந்து நிற்பதற்கும் மூன்று கல் உண்டு. ஒன்று கண். இரண்டாவது காதின் உள்ளே இருக்கும் மூன்று வளைந்த குழாய்களும் அவற்றோடு சேர்ந்த உறுப்புகளும். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, சாய்கிறது என்பதை அவை சொல்லும். மூன்றாவது நாம் பேசிக்கொண்டிருக்கும் தன்னிலை உணர்வு.

ஒரு கல் கொஞ்சம் ஆடினாலும் மற்ற இரண்டும் பானையைத் தாங்கிக் கொள்ளும். இரண்டு கல் போனால் பானை கவிழும். இதை மட்டும் மனதில் வைத்துக் கொள்ளுங்கள். இனிச் சொல்லப் போகும் கதைக்கு இது வேண்டும்.

பீலியடியில் விழுந்த அக்கா

எங்களுக்குத் தெரிந்த ஒரு தோட்டத்திலே ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அக்கா இருந்தார். நல்ல கொழுந்துக்காரி. ஒருநாள் காலையில் பீலியிலே முகம் கழுவக் குனிந்தவர் அப்படியே விழுந்துவிட்டார். பாசி வழுக்கியது என்று எல்லோரும் நினைத்தார்கள். இன்னொரு நாளும் விழுந்தார். பிறகு இரவில் லயத்துப் படியில் விழுந்தார். நடக்கும்போது காலை அகட்டி அகட்டி, தரையில் 'தொப்பு தொப்பு' என்று வைத்து நடந்தார். குனிந்து தரையைப் பார்த்துக் கொண்டே நடந்தார். மலையில் நிரை பிந்தியது. முழுப்பேர் போட்டவருக்கு அரைப்பேர்தான் விழுந்தது.

லயத்திலே என்ன பேசிக்கொண்டார்கள் தெரியுமா? சிலர், "முனி அடிச்சிருச்சு" என்றார்கள். சிலர், "மறைவா குடிக்குது போல" என்றார்கள். வாழ்க்கையிலே ஒரு சொட்டும் தொடாத மனுஷி! அந்தப் பேச்சைக் கேட்டு அவர் வெளியே வருவதையே விட்டுவிட்டார். நாங்களும் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். முதலில் அவரைப் பார்த்தபோது, "களைப்பா இருக்கும், நல்லா ஓய்வெடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் நாங்கள். இரண்டு மாதம் அப்படிப் போனது.

பிறகுதான் அவருடைய மகள் ஒரு வார்த்தை சொன்னாள். "அம்மா முகம் கழுவுறப்பதான் விழுறாங்க. பகல்ல சும்மா நிக்கிறப்ப விழுறதில்ல." அந்தப் பிள்ளை சொன்னதிலே முழு விஷயமும் இருந்தது. முகம் கழுவும்போது நாம் என்ன செய்கிறோம்? கண்ணை மூடுகிறோம்!

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டொக்டர் அவரைக் கால் இரண்டையும் சேர்த்து நிற்கச் சொன்னார். நின்றார். கண்ணை மூடச் சொன்னார். மூடியதும் உடம்பு ஆடி, விழப் போனார். பக்கத்தில் நின்ற தாதி பிடித்துக் கொண்டார். அடுத்து, படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொல்லி, காலின் பெருவிரலைப் பிடித்து மெதுவாக மேலும் கீழும் அசைத்தார். "மேலயா, கீழயா?" என்று கேட்டார். அவரால் சொல்ல முடியவில்லை. தன் கால்விரல் எந்தப் பக்கம் போகிறது என்பதே தெரியவில்லை. மூன்று கல்லில் ஒரு கல் போய்விட்டது. பகலில் கண் என்ற கல் தாங்கியது. கண்ணை மூடினாலோ, இருட்டினாலோ பானை கவிழ்ந்தது. கண்ணை மூடி நிற்கச் சொல்லும் இந்தச் சோதனை புதியதல்ல. ஜேர்மனியைச் சேர்ந்த ரொம்பேர்க் என்ற வைத்தியரின் பெயரால், 19ஆம் நூற்றாண்டில் இருந்தே இது நடக்கிறது.

இரத்தத்தைச் சோதித்தபோது பீ-12 என்ற விற்றமின் மிகவும் குறைவு என்று தெரிந்தது. நேர்த்தி வைத்துப் பல வருடமாக மச்சம் மாமிசம் தொடாதவர் அவர். முட்டையும் இல்லை, பாலும் இல்லை. ரொட்டி, சம்பல், பருப்பு, சாயத் தேத்தண்ணி, அவ்வளவுதான். அதோடு சீனி வியாதிக்கு மெட்போமின் குளிசை நீண்ட காலமாகக் குடித்து வந்தார். அந்தக் குளிசையை நெடுநாள் எடுக்கும் சிலருக்கு பீ-12 குறைவதுண்டு. முள்ளந்தண்டின் பின்பக்க வழி, அதாவது நாம் சொன்ன அந்தத் தந்திப் பாதை, இந்த விற்றமின் இல்லாவிட்டால் பழுதாகும்.

ஊசி போட ஆரம்பித்தார்கள். மாதங்கள் செல்லச் செல்ல நடை தெளிந்தது. மறுபடியும் மலைக்குப் போனார். ஆனால் முழுவதும் சரியாகவில்லை. இன்றும் இருட்டில் டோர்ச் இல்லாமல் அவர் வெளியே இறங்குவதில்லை. சீக்கிரம் கண்டால் முழுதாகக் குணமாகலாம், பிந்தினால் சேதம் நிலைத்துவிடலாம் என்று டொக்டர் சொன்னபோது, நாங்கள் வீணாக்கிய அந்த இரண்டு மாதமும்தான் நினைவுக்கு வந்தது. இந்தப் பேச்சைத் தோட்டம் தோட்டமாகப் பேச வேண்டும் என்று முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

அந்த அக்காவின் நிலை எப்படி இருந்தது என்று அறிய வேண்டுமா? சப்பணம் போட்டு வெகுநேரம் உட்கார்ந்து எழும்பும்போது கால் மரத்துப் போயிருக்கும். வைக்கிற இடம் தெரியாமல் தடுமாறுவோம். நமக்கு அது ஒரு நிமிடம். அவருக்கு அது காலை முதல் இரவு வரை.

உடம்பைத் தொலைத்த இளைஞன்

இதைவிடக் கடுமையாக இந்த உணர்வை இழந்த ஒருவரை மருத்துவ உலகம் நன்கு அறியும். இயன் வாட்டர்மன் என்பவர் 1971இல், 19 வயதில், இறைச்சிக் கடையில் வேலை செய்து கொண்டிருந்தார். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடுகையும் தன்னிலை உணர்வும் முழுதாகப் போய்விட்டன. தசையில் பலம் இருந்தது. வலியும் சூடும் குளிரும் தெரிந்தன. ஆனால் கை எங்கே, கால் எங்கே என்று தெரியாததால் எழும்பி உட்காரவும் முடியவில்லை.

அவர் விடவில்லை. கண்ணால் பார்த்து, ஒவ்வொரு அசைவையும் மனதில் திட்டமிட்டு, பல மாதங்கள் பழகி, உட்காரவும் நிற்கவும் நடக்கவும் மறுபடி கற்றுக்கொண்டார். நாம் யோசிக்காமல் வைக்கும் ஒவ்வோர் அடியையும் அவர் யோசித்து யோசித்து வைத்தார். விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார். அவரைப் பற்றி ஜொனதன் கோல் என்ற வைத்தியர் 1991இல் ஒரு புத்தகமே எழுதினார். நாம் தினமும் எவ்வளவு பெரிய செல்வத்தைக் கணக்கில் எடுக்காமல் நடக்கிறோம் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

இல்லாத கை வலிக்கும்போது

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. மெஷினில் கை போனவர்கள், சீனி வியாதியால் கால் எடுக்கப்பட்டவர்கள், யுத்தத்தில் மிதிவெடியில் கால் இழந்தவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். அவர்களில் பலர், "போன கால் இன்னும் இருக்கிற மாதிரி இருக்கு, விரல் வலிக்குது" என்பார்கள். இதைக் கேட்டு யாரும், "புத்தி பேதலிச்சிருச்சு" என்று சொல்லாதீர்கள். கால் போனாலும், மூளையில் அந்தக் காலுக்கு உரிய இடம் போவதில்லை. அமெரிக்க வைத்தியர் வியர் மிச்செல் 1871லேயே இதற்கு மாய உறுப்பு என்ற பொருளில் பெயர் வைத்துவிட்டார்.

இதற்கு ஒரு எளிய வழியைக் காட்டியவர் நம் தமிழர் ஒருவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த டொக்டர் வி. எஸ். இராமச்சந்திரன், அமெரிக்காவில் 1990களில் ஒரு கண்ணாடியை நடுவில் நிறுத்திய பெட்டியைப் பயன்படுத்தினார். இருக்கிற கையைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தால், இல்லாத கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கை தெரியும். இறுகிப் பிடித்திருப்பதாகத் தோன்றிய அந்த மாயக் கை விரிவதை மூளை கண்ணால் பார்க்கும். சிலருக்கு வலி குறைந்தது. எல்லோருக்கும் பலன் கிடைப்பதில்லை. ஆனாலும் அந்த வலி பொய்யில்லை என்பதை உலகம் ஏற்றுக்கொள்ள இது பெரிதும் உதவியது.

நாம் செய்ய வேண்டியவை

1. யாராவது தள்ளாடினால் உடனே "குடி" என்று முடிவு கட்ட வேண்டாம். சாராயமும் கசிப்பும் சிறுமூளையைத் தாக்கித் தள்ளாட வைப்பது உண்மை. நெடுங்காலம் குடித்தால் கால் நரம்பையும் கெடுக்கும். ஆனால் தள்ளாடுகிற எல்லோரும் குடித்தவர்கள் அல்லர். குடிக்கிறவரானாலும் அவருக்கும் வைத்தியம் வேண்டும்தானே?

2. முகம் கழுவும்போது ஆட்டம், இருட்டில் அடிக்கடி விழுதல், பஞ்சில் நடப்பது போன்ற உணர்வு, காலில் விறைப்பு, செருப்பு கழன்றது தெரியாமல் நடத்தல் – இவை இருந்தால் நாள் கடத்தாமல் டொக்டரிடம் காட்டுங்கள். விழுவது எப்போது, எங்கே, பகலிலா இரவிலா என்று கவனித்துச் சொல்லுங்கள். அந்த மகள் சொன்ன ஒரு வார்த்தைதான் தாயைக் காப்பாற்றியது.

3. திடீரென்று ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறித் தள்ளாடினாலோ அது பாரிசவாதமாக இருக்கலாம். எண்ணெய் தடவி, மந்திரித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். உடனே 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.

4. சீனி வியாதி உள்ளவர்கள் கிளினிக்கை விடாதீர்கள். கட்டுப்படாத சீனி, கால் நரம்புகளை மெல்ல மெல்லச் சாகடிக்கும். தினமும் மாலையில் கால் கழுவும்போது பாதத்தின் அடியையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள். முள் குத்தியது தெரியாமலே புண் வரலாம். மெட்போமின் எடுப்பவர்கள் தாங்களாகக் குளிசையை நிறுத்த வேண்டாம். பீ-12 பற்றி டொக்டரிடம் கேட்டால் போதும்.

5. பீ-12 மிருக உணவில்தான் இயற்கையாகக் கிடைக்கிறது. விலை கூடிய இறைச்சிதான் வேண்டும் என்றில்லை. முட்டை, நெத்தலி, கருவாடு, பால், தயிர் எல்லாவற்றிலும் உண்டு. நேர்த்திக்காக மச்சம் விட்டவர்கள் பாலும் தயிருமாவது சேர்த்துக் கொள்ளுங்கள். அம்மன் கோபிக்க மாட்டாள்.

6. கால் சுளுக்கினால் வீக்கம் வற்றியதும் எல்லாம் சரி என்று நினைக்கிறோம். சுளுக்கிய கணுக்காலின் தன்னிலை உணர்வு மங்கிப் போவதால்தான் அதே கால் மறுபடி மறுபடி பிரளுகிறது. வலி நீங்கிய பின், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அந்த ஒற்றைக் காலில் பத்து எண்ணும் வரை நில்லுங்கள். காலையும் மாலையும் சில முறை செய்தால் கால் மறுபடி பழகும். வயதானவர்களுக்கும் இது நல்லது. ஆனால் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும், கையைப் பிடியிலிருந்து எடுக்கக் கூடாது.

7. இருட்டு, கண் என்ற கல்லை எடுத்துவிடும். ஆகவே லயத்திலிருந்து மலசலகூடத்துக்குப் போகும் பாதையில் இரவில் ஒரு வெளிச்சம் இருக்க வேண்டும். உடைந்த படியைச் சரி செய்து, பக்கத்தில் ஒரு மூங்கில் கைப்பிடி கட்டுவது லயத்து இளைஞர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அந்தக் கைப்பிடி ஒரு பாட்டியின் இடுப்பு எலும்பைக் காப்பாற்றும்.

முடிவாக ஒரு வார்த்தை

நம்முடைய மூதாதையர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைத் தாண்டி, இந்த மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். 1880இல் மாத்தளைக்கு ரயில் வருவதற்கு முன், அவர்களுக்குக் காலைத் தவிர வேறு வாகனம் இல்லை. தெரியாத பூமியில், தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக அடியெடுத்து வைத்த அந்தக் கால்களின் அறிவுதான் இன்றைக்கு உங்கள் காலிலும் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாது என்று தங்களைத் தாங்களே குறைத்துப் பேசும் தாய்மார் இங்கே இருக்கிறீர்கள். பெரிய விஞ்ஞானிகள் நோபல் பரிசு வாங்குமளவுக்கு ஆராய்ந்த ஒன்றை, நீங்கள் நாள்தோறும் மலையில் செய்து காட்டுகிறீர்கள்.

அந்த அறிவு யாருக்காவது மங்கினால், அவரைப் பார்த்துச் சிரிக்காமல் கையைப் பிடித்துக் கொள்வோம். ஒரு கல் போன அடுப்புக்கு, பக்கத்து வீட்டார்தான் அந்தக் கல்லாக நிற்க வேண்டும்.

 போகும்போது பார்த்துப் போங்க, வாசல் படி ஈரமா இருக்கு.